காற்று உனக்கு மட்டுமா?

வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. இதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, நான்கு பக்கமும் நான்கு அம்புக்குறி இட்டு, பெயர்களை எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. மாணவர் கொப்பியில் எழுதிக்கொள்வர். நானும் கையிலுள்ள வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டு அடுத்த செய்யுளுக்குப் போய்விடுவேன். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றவன் நான். திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றை அழைத்த மொழி எம்முடையது என்று பிள்ளைகளிடம் பெருமை பேசியதும் உண்டு.

திருகோணமலையில் கோடை என்றால் ஒருவரும் காற்றை நினைப்பதில்லை. இங்கே அதற்குக் கச்சான் என்று பெயர். (நிலக்கடலைக்கும் இலங்கையில் அதே பெயர்தான், முதன்முதலில் இங்கு வந்த வெளியூர் ஆசிரியர் ஒருவர், “இன்றைக்குக் கச்சான் கடுமை” என்று கேட்டுவிட்டு, விலை ஏறிவிட்டதோ என்று விசாரித்தாராம்.) மே மாதத்தில் தொடங்கிச் செப்தெம்பர் வரை அது தென்மேற்கிலிருந்து அடிக்கும். பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இப்பக்கம் இறங்குகிறது; இறங்க இறங்கச் சூடேறுகிறது. கொழும்பில் குடை பிடிக்கும் மாதங்களில் எங்கள் கிணறுகளில் நீர் கீழே போகும், உதடு வெடிக்கும், காயப்போட்ட வேட்டி அடுத்த வளவில் கிடக்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு யூன் மாதம். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வகுப்புக்குப் பாடசாலை முடிந்தபின் மேலதிக வகுப்பு வைத்திருந்தேன்; நாலரை மணிவரை நடக்கும். நாட்டில் பெற்றோலும் டீசலும் அற்றுப்போய், பஸ்கள் ஒன்றிரண்டாகக் குறைந்து, பிள்ளைகள் பலர் துவிச்சக்கர வண்டியில் வரத் தொடங்கியிருந்த காலம். சீனன்குடாப் பக்கத்திலிருந்து ஒரு மாணவன் வருவான்; ஆறேழு மைல் இருக்கும். அமைதியானவன், நடுத்தரமாகப் படிப்பவன். முதல் வாங்கில் இருக்கும் கெட்டிக்காரனையும் கடைசி வாங்கில் இருக்கும் குழப்படிக்காரனையும் ஆசிரியர் அறிவர். நடுவில் இருப்பவனை இடாப்பு மட்டுமே அறியும். அவன் அந்த நடுவில் இருந்தவன்.

அவன் ஒருநாள் மூன்றரை மணிக்கு எழுந்து நின்று, போகவேண்டும் என்றான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் காரணம் கேட்டேன்.

“காத்து, சேர்” என்றான்.

“காலையில் நேரத்துக்கு வருகிறவனுக்குப் பின்னேரம் மட்டும் என்ன காற்று? காற்று உனக்கு மட்டுமா அடிக்கிறது?”

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நல்ல தருக்கம் என்று எண்ணினேன். காலையில் ஒருநாளும் பிந்தாத பையன் அவன். அதே வண்டி, அதே வீதி, அதே காற்று. பொய்யைப் பிடித்துவிட்டேன் என்பதே என் முடிவு. அவன் உட்கார்ந்தான், நாலரை மணிவரை இருந்தான். அடுத்த நாளிலிருந்து மேலதிக வகுப்புக்கு வரவில்லை. நான் இடாப்பில் ஒரு சிவப்புப் புள்ளி இட்டேன். அவ்வளவுதான்.

அந்த மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் ஒன்றுக்கு 470 ரூபாவாயிற்று. யூன் 27 முதல் அத்தியாவசியச் சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. வரிசையில் நின்று சலித்த என் மோட்டார் சைக்கிள் விறாந்தையில் தூசி பிடித்தது. நானும் நண்பர் மூவரும் ஆளுக்கொரு துவிச்சக்கர வண்டியைத் தேடிக்கொண்டோம். கணித ஆசிரியர் ஒருவர். புவியியல் கற்பிப்பவர் ஒருவர். மூன்றாமவர் கச்சேரியில் எழுதுவினைஞர். அவருடையது தகப்பனார் விட்டுச்சென்ற பழைய றலி வண்டி. முன் தடுப்பு இல்லை, பின் தடுப்பு இருப்பதாக அவர் சொல்வார். கிண்ணியாவில் என் பல்கலைக்கழகத் தோழன் ஒருவன் இருக்கிறான். நான்கு ஆண்டு ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். “பெற்றோல் வரட்டும் என்று காத்திருந்தால் கிழவராகிவிடுவோம், வாருங்கள்” என்று மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தான். யூலைத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம்.

ஊரிலிருந்து உள்துறைமுகத்தின் கரையோடு மேற்கே வளைந்து, சீனன்குடா சென்று, அங்கிருந்து தெற்கே கிண்ணியா. இருபது கிலோமீற்றர் அளவுதான். ஒன்றரை மணி நேரம் என்று கணித நண்பர் கணக்குச் சொன்னார். இரவு முழுவதும் ஓயாத கச்சானை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

விடிந்தும் விடியாத வேளையில் வீதியோரப் புல்லில் புள்ளிமான்கள் நின்றன. எங்கள் ஊர் மான்கள் மனிதருக்கு அஞ்சுவதில்லை. எங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்தன. இடப்புறம் துறைமுகம். மார்கழியில் மேகத்தைக் காட்டும் கண்ணாடிபோல் கிடக்கும் அந்த நீர், அன்று கரும்பச்சையாகச் சுருண்டு, நுரை தெறிக்க எங்களை நோக்கியே வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் காடடர்ந்த குன்றுகள்; அவற்றின் மடிகளில் நீர் புகுந்து குடாக்குடாவாகப் பிரியும் காட்சி. எத்தனையோ பயணிகள் இதன் அழகை எழுதியிருக்கிறார்கள். அவர்களெல்லாம் கப்பலில் வந்தவர்கள். அழகைப் பார்ப்பதற்கு நெஞ்சில் கொஞ்சம் மூச்சு மிச்சமிருக்கவேண்டும் என்பது முதல் இரண்டு மைலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

நாலாங்கட்டையை நெருங்கும்போது காற்று நேர் எதிரே வந்தது. அதுவரை மறைத்து நின்ற மரமும் மதிலும் விலகியதும், யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. எழுந்து நின்று மிதித்தோம். சட்டை முதுகுப்புறம் பை போல் புடைத்தது. மண் பறந்து பல்லில் நறநறத்தது. எழுதுவினைஞர் பின்னாலிருந்து கத்தினார்: “மச்சான், நான் போறனா நிக்கிறனா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு!”

கணித நண்பருக்கு அந்த நிலையிலும் கணக்கு ஓடியது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்றார். அமைதியான நாளில் மணிக்கு பதினைந்து கிலோமீற்றர் ஓடுபவன் பதினைந்து கிலோமீற்றர்க் காற்றைத்தான் கிழிக்கிறான். காற்று முப்பதில் எதிர்த்து அடிக்க, அவன் பத்தில் ஊர்ந்தாலும் நாற்பதைக் கிழிக்கவேண்டியிருக்கிறது. தடை ஏழு மடங்கு. “ஏழு மடங்கு!” என்று அவர் வாய்திறந்து சொன்னபோது அந்த வாய்க்குள்ளும் மண் புகுந்தது.

பிறகு ஓர் ஒழுங்கு தானாகவே அமைந்தது. நால்வரும் அருகருகே கதைத்துக்கொண்டு போனால் நால்வருக்கும் அடி விழுகிறது. ஒருவர் பின் ஒருவராகப் போனால் முன்னவருக்கே முழு அடி. பின்னால் வருபவருக்கு அவர் முதுகு ஒரு மதில். ஒருவர் கால் ஓயும்வரை முன்னே இழுத்துவிட்டு ஒதுங்குவார். அடுத்தவர் முன்னே வருவார். யாரும் கட்டளையிடவில்லை. தன் முறை குறுகிப்போயிற்றென்று வெட்கப்பட்டவர் அடுத்த முறை சற்று நீட்டினார். ஆறு வருடமாக ஒரே ஓய்வறையில் தேநீர் குடித்தும் கணித நண்பரின் முதுகு இவ்வளவு அகலம் என்று நான் அறிந்ததில்லை.

புவியியல் நண்பர் முன்னே சென்ற முறையில், தலையைத் திருப்பாமலே சொன்னார்:

“காலமை இந்தப் பக்கத்தால ரவுணுக்கு வாறவனுக்கு இது பின்காத்து. மிதிக்கவே தேவையில்ல. பின்னேரம் திரும்பேக்கதான் முழுக்க முகத்தில.”

அவர் தம் பாடத்தைச் சொன்னார். நான் என் பாடத்தைக் கேட்டேன். ‘காலையில் நேரத்துக்கு வருகிறவனுக்குப் பின்னேரம் மட்டும் என்ன காற்று?’ கரும்பலகையில் நான் வரைந்த வட்டமும் நான்கு அம்புகளும் கண்முன் வந்தன. மேற்கிலிருந்து வருவது கோடை. மேற்கே வீடு உள்ளவனுக்கு அது எப்போது எதிரே வரும் என்பதை அந்த வட்டத்திலிருந்தே ஒரு சிறுபிள்ளை சொல்லிவிடலாம். எனக்குத் தோன்றவில்லை. அம்புக்குறி எனக்குச் செய்யுளின் பொருள் சொல்ல உதவிற்றே தவிர, அது வந்து தைக்கும் இடத்தில் ஒரு பையன் இருப்பான் என்று நினைத்ததில்லை. மோட்டார் சைக்கிளில் வீடு போகிறவனுக்குத் திசை எதற்கு?

சீனன்குடாவை அண்டியபோது என் பின் சில்லில் முள் ஏறிவிட்டது. வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தோம். தகரக் கூரைமேல் கல் வைத்த ஒரு சிறு வீட்டின் முற்றத்தில், ஒரு வண்டியைத் தலைகீழாய்க் கவிழ்த்துச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒருவர். ஒட்டுப்போடப் பசை இருக்குமா என்று கேட்கப் போனேன். கைபிடியில் சிவப்பு நாடா சுற்றிய நீல வண்டி. பாடசாலைக் கொட்டகையில் நாள்தோறும் கண்ட வண்டி.

அவரே என்னை அறிந்துகொண்டார். “தம்பியின்ர தமிழ்ச் சேரெல்லே?” என்று எழுந்து, கையைச் சாரத்தில் துடைத்து, வாங்கு ஒன்றை நிழலுக்கு இழுத்துப் போட்டார். மகன் விறகு பொறுக்கப் போயிருக்கிறானாம். சமையல் எரிவாயு இல்லாமல் மாதங்களாகின்றன. பேசிக்கொண்டே ரியூபைக் கழற்றி, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தை விரலால் அடையாளம் பிடித்தார். என் கையைப் பிடிக்கவிடவில்லை.

“இது ஒண்டுதான் சேர் வீட்டில. காலமை நான் வேலையால வந்து குடுக்க அவன் கொண்டுபோவான். பின்னேரம் அவன் கொண்டுவர நான் போவன். இரவுக் காவல். ஆறு மணிக்குக் கேற்றில நிக்காட்டி ஒரு நாள் கூலி போயிரும். கச்சான் காலத்தில அவன் அஞ்சரைக்குள்ள வந்துசேர்றதெண்டால் கஷ்டம்தான். ஒரு நாள் நல்லாப் பிந்திப்போனான். அண்டைக்கு என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்கள். அதுக்குப் பிறகு பின்னேர வகுப்பு வேண்டாம் எண்டு அவனே சொல்லிட்டான்.”

அந்த ஒரு நாள் எது என்று நான் கேட்கவில்லை. நாலரைக்குப் புறப்பட்டவன் ஏழு மடங்கு தடையைக் கிழித்து எத்தனை மணிக்கு வந்து சேர்ந்திருப்பான் என்பதைக் கணித நண்பர் இல்லாமலே கணக்கிட முடிந்தது.

அவன் ஏன் இதை வகுப்பில் சொல்லவில்லை? வீட்டில் ஒரே வண்டி, அதில் தகப்பன் இரவு வேலைக்குப் போகவேண்டும், பிந்தினால் கூலியில்லை என்பவற்றை நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று சொல்ல எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையால் இயலும்? காற்று என்பது அவன் சொல்லக்கூடிய காரணம். அதில் அவமானம் இல்லை. அது எல்லோருக்கும் பொது. அந்த ஒன்றையும்தான் நான் பிடுங்கிக்கொண்டேன்.

“நல்லாப் படிப்பிக்கிறீங்கள் எண்டு சொல்லுவான்” என்றார் தகப்பனார், காற்றடிக்கும் பம்பை மிதித்துக்கொண்டே. நான் அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். உண்மையைச் சொல்ல அந்த முற்றத்தில் எனக்கு வாய் வரவில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. மரக்கிளைகளினூடே சிலவற்றின் துருப்பிடித்த தோள்கள் தெரிந்தன. பிரித்தானியர் தம் கடற்படைக்காக 101 தாங்கிகள் கட்டினர். ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன் அளவு கொள்ளும். 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் வந்து மோதி, ஒரு தாங்கி நாட்கணக்காக எரிந்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துப் போயிற்று. இன்று எஞ்சியவை 99. நாங்கள் அவ்வழியே போவதற்கு ஆறு மாதம் முன்பு, அதே 2022 சனவரியில்தான், 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்று ஒப்பந்தம் எழுதினர். 2025 ஏப்பிரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் சேர்ந்து திருகோணமலையை வலுசக்தி மையமாக்குவதென்று இன்னொரு கடதாசியில் கையொப்பமிட்டன. கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் அந்த யூலையில், உலகப் பேரரசு ஒன்றின் கடற்படைக்கென எண்ணெய் சேமித்த இந்தத் தாங்கிகளின் அடிவாரத்தில், ஒரு பிள்ளையும் தகப்பனும் ஒரே துவிச்சக்கர வண்டியைப் பகல் ஒருவர் இரவு ஒருவராகப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுதுவினைஞர் வண்டியை நிறுத்தி அந்தத் தாங்கிகளை நெடுநேரம் பார்த்தார். வழக்கமாக எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பவர். அன்று ஒன்றும் சொல்லாமல் ஏறி மிதித்தார்.

கிண்ணியாப் பாலத்தில் காற்று வலப்புறமிருந்து வந்தது. எதிர்க்காற்றுக்குக் குனியலாம், பக்கக் காற்றுக்கு என்ன செய்வது? வண்டி தானாகவே கைப்பிடிச் சுவரை நோக்கி ஒதுங்கிற்று. நடுவில் இறங்கி நடந்தோம். 396 மீற்றர் நீளமான இந்தப் பாலம் 2009 ஒக்தோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் ‘பாதை’தான், எங்கள் பகுதியில் நீரைக் கடத்தும் மிதவைக்கு அதுவே பெயர். பாதைக்காகக் கரையில் காத்துநின்ற வெயிலை என் தோழன் இன்றும் சொல்வான். கிண்ணியாவை ஒட்டிய குறிஞ்சாக்கேணியில் அந்தக் காத்திருப்பு 2022இலும் முடிந்திருக்கவில்லை. பழைய பாலம் உடைபட்டுப் புதியது கட்டிமுடியாத நிலையில், 2021 நவம்பர் 23 காலை, மக்களை ஏற்றிய மிதவை கவிழ்ந்து பாடசாலை சென்ற சிறுவர் சிறுமியரும் மாண்டனர். அன்று இடாப்புகளில் அவர்கள் பெயருக்கு நேரே என்ன குறி விழுந்திருக்கும்?

சாப்பாட்டைப் பற்றி விரிக்கவேண்டியதில்லை. மூன்றரை மணி நேரம் மிதித்து வந்தவர்கள் எப்படிச் சாப்பிடுவார்களோ அப்படிச் சாப்பிட்டோம். தோழனின் தாயார் மீன் குழம்புச் சட்டியையே எங்கள் நடுவில் வைத்துவிட்டார். நான் அதிகம் பேசவில்லை என்று அவன் கவனித்திருக்கவேண்டும், நடந்ததைச் சொன்னேன். அவனும் ஆசிரியன். “நீ ஒருக்காத்தான் கேட்டாய், நான் எத்தனை தரம் கேட்டனோ” என்று மட்டும் சொல்லித் தேநீர் எடுத்துவரப் போனான்.

திரும்பும்போது காற்று எங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. சீனன்குடா தாண்டியதும் மிதியில் காலை வைத்தபடி இருந்தோம். வண்டிகள் தாமே ஓடின. இப்போதுதான் துறைமுகத்தை நான் பார்த்தேன்: பிற்பகல் ஒளியில் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகி நின்றன, நீரின் மேல் வெள்ளி வரிகள் எங்களை முந்திக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடின. சிரிப்பும் பாட்டுமாக வந்தோம். அந்த முற்றத்தைக் கடந்தபோது நீல வண்டி அங்கே இல்லை. சற்றுத் தூரத்தில், எங்களுக்கு எதிர்த்திசையில், தகப்பனார் தலைகுனிந்து மிதித்து வந்துகொண்டிருந்தார். ஏதோ வேலையாய் ஊர்ப்பக்கம் போய்த் திரும்புகிறார் போலும். கையை எடுத்தால் வண்டி சாயும் என்று தலையை மட்டும் அசைத்தார்.

யூலை 25இல் பாடசாலைகள் திறந்தன. மேலதிக வகுப்பைக் காலைக்கு மாற்றவேண்டும் என்று கேட்டேன். எளிதில் நடக்கவில்லை. ஊருக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் தனியார் வகுப்பு. பெற்றோர் சிலர் முணுமுணுத்தனர். ஆசிரியர் இருவரும் முகம் சுளித்தனர். ஈற்றில் வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறரை மணி, ஒரு நாள் பின்னேரம் என்று இணங்கினோம். பின்னேர நாளில் அவன் வரமாட்டான். இரண்டு நாளுக்கு வந்தான். எல்லோருக்கும் முன்னே வந்தான்.

வகுப்பு முன்னால் சொன்ன சொல்லை வகுப்பு முன்னாலேயே திருப்பி எடுத்திருக்கவேண்டும். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. ஒரு காலை, கொட்டகையில் அவன் வண்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது தனியே போய், “அண்டைக்கு வகுப்பில நான் கேட்டது பிழை” என்றேன்.

அவன் பின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பரவாயில்ல சேர்” என்றான். புத்தகப் பையைக் கரியரிலிருந்து அவிழ்த்தான். பிறகு, முக்கியமான ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது என்று தோன்றியவன்போல் சொன்னான்:

“ஆனா சேர், நவம்பரில வாடை எழும்பினா மாறி அடிக்கும். அப்ப காலமைதான் பிந்தும்.”